ஒரு மூச்சுத் தாமதம்

என் மகள் தயங்கினாள் என்று எழுதிய பத்திரிகைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடமையில் தயங்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் தகப்பனார் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நான் செங்குளம் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கோலப்பன் என்று பெயர் சொல்லத் தேவையில்லை, குரலைக் கேட்டாலே விமானிகளுக்குத் தெரியும். என் காலத்தில் ஓடுதளத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று என் வழியனுப்பு விழாவில் நிலைய மேலாளர் மேடையேறிச் சொன்னார். என்னிடமே வேலைக்குச் சேர்ந்த என் மகள் வடிவு, எனக்குப் பிறகும் அந்தக் கோபுரத்தில் இருந்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியான வேளை. ஓடுதளத்தில் மயில்கள் இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. அவற்றை விரட்ட டிரைவர் மாடசாமி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். தரைப் போக்குவரத்தைக் கவனிக்கும் இருக்கையில் இருந்த வடிவுதான் ஜீப்புக்கு அனுமதி கொடுத்தாள். கொடுத்த கையோடு பக்கத்து இருக்கையில் இருந்த எபனேசரிடமும் சொன்னாள். எபனேசர் அந்த ஷிஃப்டின் மேற்பார்வையாளர். என்னிடம் வேலை பழகியவர், இப்போது அவருக்கே ஓய்வு பெறுகிற வயது. சரி என்று தலையாட்டியவர் மறந்துபோனார். வந்துகொண்டிருந்த விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டார்.

விமானம் ஓடுதளத்தின் முனையை நெருங்குகையில் வடிவு பார்த்துவிட்டாள். இறங்காதே, மேலே ஏறு என்று மைக்கில் சொன்னாள். அந்தச் சொல் விமானியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன. விமானம் ஜீப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு புல்தரையில் போய் நின்றது. பயணிகளில் சிலருக்குக் கைகால் முறிவு. மாடசாமி அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

எபனேசர் எதையும் மறைக்கவில்லை. மறந்தது நான்தான் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் விசாரணைக்கு இன்னொரு கேள்வி இருந்தது. வடிவு நேரத்துக்குச் சொல்லியிருந்தால் மாடசாமி பிழைத்திருப்பார். சொன்னாளா? விமானியின் அறையில் பதிவான குரல், சொல்லவில்லை என்றது. சொல் அங்கே தாமதமாகத்தான் வந்திருக்கிறது. அலட்சியத்தால் உயிர்ச்சேதம் என்று போலீஸ் வழக்குப் போடத் தயாராக இருந்தது. வடிவின் உரிமம் போய்விடும். சிறைக்கும் போக வேண்டி வரலாம்.

இங்கே துணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் காலத்தில் நாங்கள் மைக்கில் பேசினால் பேச்சு நேரே விமானிக்குப் போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் பின்னிக்கொண்டு விமானிக்கு வெறும் கீச்சொலிதான் கேட்கும். அந்தக் கீச்சொலியால் உயிர்கள் போன பிறகு, எல்லாக் கோபுரங்களிலும் துணை என்ற இயந்திரத்தை வைத்தார்கள். எல்லோருடைய பேச்சும் முதலில் அதனிடம் போகும். எது முதலில், எது பிறகு என்று அது வரிசைப்படுத்தி விமானிக்கு அனுப்பும். கண்ணிமைக்கும் பொழுதில் செய்துவிடுவதால் மனிதர்களுக்குத் தெரியாது. அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. நல்ல கோபுரம் ஒன்றின் பழைய பதிவுகளைக் கேட்க வைத்தார்கள். அது தானே கற்றுக்கொண்டது.

அந்த நல்ல கோபுரம் செங்குளம்தான். நாட்டிலேயே ஒழுங்கான கோபுரம் என்று எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓடுதளத்துக்கு ஒரே குரல் என்பது என் கட்டளை. மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் வாய் திறக்கக் கூடாது. என் குரலைக் கேட்டு ஓர் இயந்திரம் பாடம் படித்தது என்று கல்யாண வீடுகளில் நான் சொல்லியிருக்கிறேன். சொல்லக் கூடாதா என்ன?

விபத்து நடந்த வாரத்தில் எபனேசர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி சொர்ணம் கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடவில்லை. மாடசாமியின் வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். அங்கே யாரும் தன்னைத் திட்டவில்லை என்றும், திட்டியிருந்தால் தேவலை என்றும் சொன்னார்.

"அண்ணாச்சி, எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஆனா புள்ள நேரத்துக்குச் சொல்லிட்டா. என் பக்கத்துல இருந்துதான சொன்னா, என் காதுல விழுந்துச்சுல்லா? நான் திரும்பிப் பாக்கேன், பிளேன் மேல ஏறும்னு பாக்கேன், அது பாட்டுக்கு இறங்குது."

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னதாகவும், குற்றம் ஒப்புக்கொண்டவன் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனியின் வக்கீல் சிரித்ததாகவும் சொன்னார்.

மறுநாளே மதுரைக்குப் போனேன். விசாரணை அதிகாரி நூருன்னிசா சென்னையிலிருந்து வந்திருந்தார். மரியாதை தெரிந்த பெண். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். கோபுரத்துக்குள்ளே நடந்த பேச்சின் பதிவை எடுத்துக் கேளுங்கள் என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண் தயங்கியிருக்க மாட்டாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கேட்டாச்சு சார். உங்க பொண்ணு தயங்கல. துணைதான் காத்திருந்திருக்கு."

"எதுக்கு?"

"அவங்க சொன்னதை அவங்களே வாபஸ் வாங்குவாங்கன்னு."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒவ்வொருவர் பேச்சுக்குப் பின்னாலும் என்ன நடக்கிறது என்று துணை பல வருடப் பதிவுகளில் கவனித்திருக்கிறது. என் பேச்சுக்குப் பின்னால் எதுவும் மாறியதில்லை. அதனால் என் குரல் இன்றைக்கு வந்தால்கூட உடனே அனுப்பும். வடிவின் பேச்சும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மூத்தவர் ஒருவர் சொன்னதற்கு எதிராக அவள் சொல்லும்போது மட்டும், ஒரு மூச்சு நேரத்தில் அவளே அதை ரத்துச் செய்துவிடுவாள். அனுப்பிவிட்டுத் திரும்பப் பெற்றால் விமானி குழம்புவார் அல்லவா? அதனால் அவள் எதிர்த்துச் சொல்லும் சொல்லை மட்டும் ஒரு மூச்சு பிடித்து வைக்க இயந்திரம் கற்றுக்கொண்டது.

"அது தப்பா கத்துக்கல சார். அங்க இருந்ததைத்தான் கத்துக்கிச்சு. அன்னிக்கு அவங்க வாபஸ் வாங்கல. ஆனா அது வழக்கம்போல காத்திருந்துச்சு."

பிறகு ஒரு பதிவைப் போட்டார். வடிவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. என் குரல் ஒரு விமானத்தைப் புறப்படச் சொல்கிறது. உடனே வடிவின் குரல், நில், ஓடுதளத்தில் புல்வெட்டும் டிராக்டர் என்கிறது. அடுத்து மைக்கிலிருந்து விலகி, ஆனால் பதிவில் தெளிவாக, மறுபடி என் குரல்.

"வடிவு. ரன்வே என் கையில இருக்கு. இங்க நீ எனக்கு மக கிடையாது. எதுத்துப் பேசாத."

"ஸாரி சார்."

தான் சொன்னது ரத்து, புறப்படலாம் என்று அவள் மைக்கில் சொல்கிறாள். எதிரே ஏதோ வாகனம் தெரிகிறது, நான் நிற்கிறேன் என்று விமானி பணிவாகச் சொல்கிறார்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. டிராக்டரை அப்புறப்படுத்தினோம், விமானம் கிளம்பியது. எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைக் கீறல் என்று எப்படிச் சொல்வது? அதை நான் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. யாருமே தெரிவித்திருக்க மாட்டார்கள்.

நான் அவளிடம் மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்தேன் என்பது உண்மை. காரணம் இருந்தது. மகளைத் தன் கோபுரத்திலேயே வைத்துக்கொண்டான் என்று கேன்டீனில் பேசினார்கள். சலுகை காட்டினான் என்ற பேச்சு ஒருவன் வாயிலும் வரக் கூடாது. தகப்பனை எல்லோர் முன்னாலும் மகள் திருத்துகிறாள் என்ற பேச்சும் வரக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவளை அடக்கி வைத்தேன். எந்தத் தகப்பனும் செய்வதுதான்.

அந்தப் பதிவு ஒன்று மட்டும் இல்லை என்றார் நூருன்னிசா. என்னிடம் தொடங்கிய பழக்கம் எபனேசரிடம் தொடர்ந்திருக்கிறது. அவளைப் பார்த்து மற்ற இளையவர்களும் அப்படியே பழகியிருக்கிறார்கள். செங்குளத்தில் படித்த துணைதான் இப்போது எல்லாக் கோபுரங்களிலும் இருக்கிறது. இளையவர் மூத்தவரை எதிர்த்துச் சொன்னால், எந்த ஊராக இருந்தாலும், அது ஒரு மூச்சு பிடித்து வைக்கிறது. பொது விசாரணையில் நிரூபிக்காமல் கம்பெனி அதை நிறுத்தாது. இயந்திரத்தின் குறிப்பில் யார் எத்தனை முறை பேச்சை மாற்றினார்கள் என்ற வெறும் எண்கள்தான் இருக்கின்றன. அவள் நேரத்துக்குச் சொன்னாலும், பேச்சை மாற்றும் அவள் புத்திதான் தாமதத்துக்குக் காரணம், அதற்கு எங்கள் இயந்திரம் என்ன செய்யும் என்கிறது கம்பெனி. அவள் ஏன் மாற்றினாள் என்பதை அந்தப் பதிவு ஒன்றுதான் சொல்லும்.

"குரல் அவங்கவங்க சொத்துன்னு சட்டம் இருக்கு சார். சபையில போடணும்னா சம்மதம் வேணும். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யோசியுங்கள், விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போதெல்லாம் அந்தப் பார்வை என்னை உறுத்தியது. என்னிடம் யாரும் அப்படிப் பார்த்துப் பேசியதில்லை.

சொர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னது தப்பு. அன்றிலிருந்து சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே நின்றுகொண்டு ஆரம்பித்துவிடுவாள். கையெழுத்துப் போடுவதற்கு என்ன யோசனை என்றாள். சபையில் நாலு பேர் முன்னால் என் குரலைப் போட்டுக் காட்டி, இந்த மனுஷன்தான் ஓர் உயிரைக் கொன்றான் என்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அவ கழுத்துக்குக் கத்தி வந்து நிக்கி. நீங்க உங்க மீசைக்குச் சீப்பு தேடிட்டு இருக்கீங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. நான் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வடிவு வந்தாள். இளைத்திருந்தாள். என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பதிவைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. நானே பேச்சை எடுத்தேன். சென்னையில் பெரிய வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், எண்களை வைத்தே இயந்திரத்தின் குற்றத்தை நிரூபித்துவிடலாம் என்கிறார், எவ்வளவு செலவானாலும் சரி என்றேன். அப்பனுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சை ஊர் கேட்க வேண்டியதில்லை என்றேன்.

"அது அப்பா மக பேச்சு இல்லப்பா. நீங்களே அதுல சொல்லியிருக்கீங்க."

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனதால் சொர்ணம் அடுக்களையிலிருந்து கேட்கிறாள் என்று தெரிந்தது.

"எண்ணை வச்சு நிரூபிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்க இஷ்டம். நான் கேக்க வரல."

வக்கீல் கெட்டிக்காரர் என்றேன். சரிப்பா என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல் வரை சொர்ணம் போனாள். இருவரும் அங்கே நின்று என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் யோசிக்காமல் முடிவு செய்யவில்லை. ஒரு பெண்ணுக்கு ஓர் உத்தியோகம் போனால் இன்னொன்று கிடைக்கும். வழக்கு என்றால் மேல்கோர்ட்டு இருக்கிறது. என் தகப்பனார் பெயரும் என் பெயரும் ஒரு தரம் சபையில் விழுந்தால் எடுத்து நிறுத்த எந்தக் கோர்ட்டும் கிடையாது. அது விழுந்தால் அவளுக்கும்தான் அவமானம். மற்ற ஊர்க் கோபுரங்களைப் பற்றி நூருன்னிசா சொன்னதும் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அவற்றைக் கவனிக்க அரசாங்கம் இருக்கிறது. என் குடும்பத்தைக் கவனிக்க நான்தான் இருக்கிறேன். புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நூருன்னிசா வாதாடவில்லை. தகவலுக்கு நன்றி சார் என்றார்.

விசாரணை நாள் அன்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். வரவில்லை என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். சொர்ணம் வர மறுத்துவிட்டாள். பின் வரிசையில் ஓர் ஓரமாக மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் எண்களைத் திரையில் போட்டு நன்றாகப் பேசினார். இந்தப் பெண் தன் சொல்லைத் தானே மாற்றுவதில் பெயர் போனவர், துணை அவருடைய குணத்தை அறிந்து நடந்துகொண்டது, அவ்வளவுதான் என்று முடித்தார். நான் ஏற்பாடு செய்த வக்கீல் எழுந்து ஏதேதோ சொன்னார். விசாரணைக் குழுவின் தலைவர் குறிப்பெடுக்கவில்லை.

பிறகு நூருன்னிசா எழுந்தார். பழைய கோபுரப் பதிவு ஒன்றைச் சபையில் போட அனுமதி கேட்டார். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து, அதில் பேசியவர் சம்மதம் மறுத்துவிட்டதாகத் தங்களுக்குத் தெரியும் என்றார்.

"அதுல ரெண்டு பேர் பேசறாங்க. ஒருத்தர் சம்மதிச்சாலே போதும்னுதான் சட்டம்," என்றார் நூருன்னிசா. "செல்வி வடிவாம்பிகை கோலப்பன், முதல் நாள் விசாரிச்சப்பவே கையெழுத்துப் போட்டுட்டாங்க. அப்பாகிட்ட முதல்ல கேளுங்க, அவரு சம்மதத்தோட போட்டதா இருக்கட்டும்னு ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னாங்க. அவங்க கேட்டதுக்காகத்தான் காத்திருந்தோம்."

நான் திரும்பி வடிவைப் பார்த்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவைப் போட்டார்கள். அந்தக் கூடத்தின் ஒலிபெருக்கி நல்லது. என் குரல் கணீரென்று கேட்டது. இங்க நீ எனக்கு மக கிடையாது என்றபோது பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஸாரி சார் என்ற அவள் குரல் அவ்வளவு சின்னப் பெண்ணின் குரலாக இருக்கும் என்று நூருன்னிசாவின் அறையில் கேட்டபோது எனக்குத் தோன்றவில்லை. நான் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அது என் குரல்தானா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். ஓடுதளத்துக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும், இன்றைக்கும் அதையே சொல்வேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். என் வார்த்தையை அவர் குறித்துக்கொண்டது எனக்குத் திருப்தியாக இருந்தது. தாமதத்தின் வேர் இந்தக் கட்டளைதான் என்று அவர் குறித்திருந்தது அறிக்கை வெளிவந்த பிறகுதான் தெரிந்தது.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. வடிவின் மேல் குற்றம் இல்லை. சொன்ன நேரத்தில் சரியாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாக் கோபுரங்களிலும் துணையை உடனே நிறுத்த உத்தரவு. அதை மறுபடி படிக்க வைப்பதானால் செங்குளத்தின் பழைய பதிவுகளைத் தவிர்க்க வேண்டும்.

வராந்தாவில் வடிவு என்னிடம் வந்தாள். அவளை நான் வாழ்த்தியிருக்கலாம். சட்டம் இப்படி இருப்பதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வேற வழியில்லாம போட்டிருப்பீங்க. நீங்களா போட்டிருந்தா, இன்னிக்கு அங்க நீங்க சொன்னதா இருந்திருக்கும்ப்பா. இப்ப நான் காட்டிக் கொடுத்ததா ஆயிட்டு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதற்குள் பேச்சியம்மாள் எங்களிடம் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா, கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"எதுக்குய்யா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. எவ்வளவு யோசித்தும் பிடிபடாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டாள். என்னிடம் காரணம் இருந்தது. ஒரு வாரமாக அதை எனக்குள்ளே அழகாக அடுக்கி வைத்திருந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பக்கம் போகிற பேருந்து எங்கே நிற்கும் என்று வடிவிடம் கேட்டாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் அத்தை என்று வடிவு அவள் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போனாள். அத்தை என்று எப்போதிலிருந்து கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாது.

வடிவின் கார் வாசலுக்கு வந்து, என் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின் இருக்கையில் இடம் இருந்தது. என் வீடும் அந்த வழியில்தான். வடிவு கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு ஏறுவது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை.